மறுமொழி: ‘அமிலச் சுரங்க வடிகால்’ வேண்டாம், ‘மூலம்’ அதைவிட வேண்டாம்

குழுமத்தினருக்கு வணக்கம்.

சொல் கேட்டு நான் எழுதிய மடலுக்கு இத்தனை மறுமொழிகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. புதிதாக இந்த இழைக்குள் வருபவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உயர்தர வகுப்பு மாணவருக்கான சிறு நூலொன்றைத் தமிழாக்குகிறேன். கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்து மலையோடைக்குள் அமிலம் கலந்த நீர் வந்து சேர்கிறது. எங்கிருந்து, எவ்வளவு வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி என்பது அதில் ஓர் இயல். அந்த நீருக்கு ஒரு பெயர், கண்டுபிடிக்கும் வேலைக்கு ஒரு பெயர், இரண்டும் வேண்டும்.

முதலில் வந்தது ‘அமிலச் சுரங்க வடிகால்’. தங்கச் சுரங்கத்தில் தங்கம் தோண்டுகிறார்கள். அமிலச் சுரங்கத்தில்? மாணவன் அப்படித்தான் கேட்பான். வடிகாலிலும் சிக்கல் இருக்கிறது. அது நீர் ஓடும் வாய்க்கால். நமக்கு வேண்டியது ஓடும் நீர். தவிர, கொழும்பில் வடிகால் என்றால் தண்ணீர்க் கட்டணச் சீட்டின் தலைப்பில் இருக்கும் ‘நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை’தான் எங்கள் நினைவுக்கு வரும்.

பேராதனைத் தங்கை ‘வடிநீர்’ என்றார். இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் ஆய்வுகூடத்தில் ‘காய்ச்சி வடித்த நீர்’ என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, வடித்தது என்றால் தூய்மையானது. மீன் வாழாத செம்மஞ்சள் ஓடைக்கு அந்தப் பெயரா?

‘கசிவு’ எனக்குப் பிடித்திருந்தது, சில நாட்கள். பிறகு கோல்ட் கிங் சுரங்கம் நினைவுக்கு வந்தது. 2015 ஓகஸ்ட் 5ஆம் தேதி, கொலராடோ மலையில், அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் பணிக்குழு அந்தப் பழைய சுரங்கத்தின் வாயைத் தோண்டியபோது, உள்ளே தேங்கியிருந்த நீர் ஏறத்தாழ 1.1 கோடி லீற்றர் உடைத்துக்கொண்டு வெளியேறியது. சிமெண்ட் கிரீக் ஓடை வழியாக அனிமாஸ் ஆற்றில் கலந்து ஆற்றையே மஞ்சளாக்கியது. அதைக் கசிவு என்று எழுத என் கை வரவில்லை.

நீர் வரும் விதத்தை விட்டுவிட்டு, நீரையே பெயராக்கினால் என்ன? பாறையிலுள்ள பைரைற்று, அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், காற்றும் நீரும் பட்டவுடன் ஒட்சிசனோடு சேர்ந்து ஒட்சியேறுகிறது, சல்பூரிக்கமிலம் பிறக்கிறது. சில பற்றீரியாக்கள் இரும்பை மேலும் ஒட்சியேற்றி அந்த வேலையைப் பலமடங்கு விரைவாக்குகின்றன. அமிலம் பாறையிலிருக்கும் செம்பு, நாகம், கட்மியம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. ஆகவே என் முன்மொழிவு: சுரங்க அமிலநீர்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. அனிமாஸ் ஆற்றின் தலைப்பகுதியில் மனிதன் கடப்பாரை வைக்காத பாறைகளிலிருந்தும் அமிலம் வருகிறது. அது ‘பாறை அமிலநீர்’. நமக்கு எதற்கு இந்தச் சொல் என்று ஒருவர் கேட்டிருந்தார். மாத்தறையில் நில்வளா கங்கையின் வெள்ளத்தைத் தடுக்க அணைகட்டி நீரை இறைத்தபோது, சதுப்பு மண்ணுக்குள் உறங்கிய பைரைற்று காற்றைக் கண்டது, வயல்கள் புளித்தன. சுரங்கமே இல்லை, வேதியியல் மட்டும் அதேதான். அது ‘மண் அமிலநீர்’. ஒரே அடிச்சொல்லில் மூன்று பிள்ளைகள்.

அடுத்தது தேடும் வேலை. ‘மூலமறிதல்’ என்று மூவர் எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டு நண்பர்கள் கவனிக்க: எங்கள் பாடநூலில் அமிலத்துக்கு எதிரானது ‘மூலம்’; நீங்கள் காரம் என்பது. ‘அமிலநீர் மூலம்’ என்று தலைப்பிட்டால் பிள்ளைகள் நடுநிலையாக்கல் என்று நினைத்துச் சமன்பாடு எழுதத் தொடங்கிவிடுவார்கள். மருத்துவமனை வாசலில் ‘மூலம்’ என்றால் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நதிமூலம் பார்க்கக் கூடாது என்றார்கள் பெரியவர்கள். இங்கே வேலையே அதுதான். ‘ஊற்றுக்கண் அறிதல்’ என்று வைக்கலாமா?

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் சொல் தேர்வு எளிதாகும். ஓடையின் எந்த இடத்தில் உலோகச் செறிவு கூடுகிறது என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நீரின் அளவும் வேண்டும். மலையோடையில் நீரோட்டமானியை நம்ப முடியாது. நீரில் ஒரு பகுதி கற்களுக்கு அடியில் ஒளிந்து ஓடும். ஆகவே மேலே ஓரிடத்தில் புரோமைட்டு போன்ற ஓர் உப்பைச் சீரான வேகத்தில் ஊற்றுகிறார்கள். கணக்குக்காக, நொடிக்கு 1 கிராம். கீழே ஓரிடத்தில் அது லீற்றருக்கு 10 மில்லிகிராம் இருந்தால் ஓடை நொடிக்கு 100 லீற்றர் ஓடுகிறது. இன்னும் கீழே 8 ஆகக் குறைந்தால் 125 லீற்றர். இடையில் 25 லீற்றர் சேர்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் கிளையோடைகள் 15 லீற்றர்தான் தருகின்றன என்றால், மீதிப் பத்து நிலத்தடியிலிருந்து வருகிறது. அதே இரு இடங்களிலும் நாகம் லீற்றருக்கு 0.2 இலிருந்து 0.4 மில்லிகிராமாக ஏறியிருந்தால், அதன் சுமை, அதாவது ஓடை சுமந்து செல்லும் அளவு, நொடிக்கு 20 இலிருந்து 50 மில்லிகிராம் ஆகிறது. அந்த ஒரு துண்டு ஓடையில் மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.6 கிலோ நாகம் வந்து விழுகிறது. எவ்வளவு எளிய கணக்கு, எவ்வளவு அழகான கணக்கு!

ஊற்றும் உப்புக்கு ‘சுவடறிகருவி’ என்று ஒருவர் எழுதினார். அது கருவியல்லவே, உப்புத்தானே? ‘தடங்காட்டி’ போதும்.

அன்புடன்,
கொழும்பு–06 இலிருந்து

---

கொழும்புத் தம்பிக்கு,

சுரங்க அமிலநீர் நன்று. நான் முன்மொழிந்த வடிகாலைத் திரும்பப் பெறுகிறேன். ‘நாளொன்றுக்கு 2.6 கிலோ நாகம் வந்து விழுகிறது’ என்று படித்ததும் ஒரு நொடி காலைத் தூக்கிவிட்டேன். எங்களுக்கு அது துத்தநாகம். அடிக்குறிப்புப் போடுங்கள்.

ஊற்றுக்கண்ணை ஏற்க முடியவில்லை. கண் என்றால் ஓரிடம். நீங்களே சொல்கிறீர்கள், பத்து லீற்றர் ஓடையின் நீளமெங்கும் நிலத்தடியிலிருந்து ஊறுகிறது என்று. அதில் கண் எங்கே? மேலும், உங்கள் உப்பு காட்டுவது அமிலநீர் ஓடையில் வந்து சேரும் இடத்தை. மலைக்குள் எந்தச் சுரங்கத்தில் அது பிறந்தது என்பதை உப்பு காட்டாதே.

கோயம்புத்தூரிலிருந்து

---

ஐயா,

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். ஓடையில் சேரும் இடம் வேறு, மலைக்குள் பிறக்கும் இடம் வேறு. மூலநூலே இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்புகிறது, நானும் பின்னால் போய்விட்டேன். இயல் தலைப்பை ‘அமிலநீர் கலப்பிடம் அறிதல்’ என்று மாற்றுகிறேன். கலப்பிடம் ஒரு புள்ளியாகவும் இருக்கலாம், நூறு மீற்றர் கரையாகவும் இருக்கலாம். ஊற்றுக்கண்ணைச் சுரங்கத்துக்குள் தேடும் கடைசிப் பத்திக்கு வைத்துக்கொள்கிறேன். நாகத்துக்கு அடிக்குறிப்பு உறுதி.

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. ஓடை நெடுகப் பல இடங்களில், நீரோட்டம் மாறுவதற்குள், சில மணிநேரத்தில் மாதிரி எடுத்து முடிக்கிறார்களே, அதற்குச் சொல் வேண்டும். ‘ஒருவேளை மாதிரியெடுப்பு’ என்று எழுதினேன். எடுத்தாலும் எடுப்பார்கள் என்பதுபோல் இருந்தது. ‘ஒருபொழுது’ என்று திருத்தினேன். அம்மா எட்டிப் பார்த்து, யார் விரதம் என்று கேட்டார்.