ஐந்து மாதமாக மார்பில் நோ, அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அந்த வருத்தம்: எப்படிச் சமாளிப்பது?

உரும்பிராய்க்காரி:
எனக்கு 38 வயது. இடது மார்பின் வெளிப்பக்கம், அக்குளை அண்டிய இடத்தில், மாசி மாதம் தொட்டு நோகிறது. மாதவிடாயோடு கூடிக் குறைகிறதா என்று அறிய, நோகும் நாட்களுக்குக் கலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்தேன். ஆனி மாதத் தாளைப் பார்த்தால் அதற்கு அம்மை போட்டது போல் இருக்கிறது.

அம்மாவுக்கு 2004இல் மார்பகப் புற்றுநோய் வந்தது. அப்போது அவருக்கு வயது 47. மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் வந்து தப்பிவிட்டார். சின்னம்மாவுக்கு 2007இல், 44 வயதில். போரால் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை மூடியிருந்த காலம். கப்பலுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தே நாள் போயிற்று, அவர் தப்பவில்லை. அந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. ‘அந்த வருத்தம்’ என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

தனியார் இடமொன்றில் ஸ்கான் எடுத்தேன். முகத்தைக்கூடப் பார்க்காமல் ‘ஒன்றுமில்லை, பயப்படவேண்டாம்’ என்றார் வைத்தியர். இரவில் பிள்ளைகள் உறங்கியதும் என் விரல்கள் தாமாக அந்த இடத்துக்குப் போய்விடுகின்றன. அமர்த்திப் பார்ப்பேன், மற்றப் பக்கத்தோடு ஒப்பிடுவேன், மறுபடியும் அமர்த்துவேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. தன்னால்தான் வந்தது என்று அழுவார். இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

இளைப்பாறிய தாதி:
தங்கச்சி, நோவையும் பரம்பரையையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள். முதலில் அதை அவிழுங்கள்.

வேறு அறிகுறி இல்லாமல் வெறும் நோ மட்டும் புற்றுநோயாக இருப்பது அரிது. புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது. அதனால்தான் பலர் பிந்தி வருகிறார்கள். கட்டி, தோல் குழிவது, காம்பு உள்ளிழுப்பது, காம்பிலிருந்து இரத்தம் கசிவது, இவை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கவேண்டாம். ஒரே இடத்து நோ பல வேளைகளில் விலா எலும்பிலிருந்தோ நெஞ்சுத் தசையிலிருந்தோ வருவது. கையால் பாரமான வேலை ஏதும் செய்கிறீர்களா? இரவு இரவாக அமர்த்தினால் நல்ல இடமும் நோகும். மாதத்தில் ஒரு தடவை, மாதவிடாய் முடிந்து சில நாட்களின் பின் பார்த்தால் போதும்.

பரம்பரை வேறு கதை. மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரை மரபணுவால் வருபவை. ஆனால் தாயும் அவரின் சகோதரியும் 50 வயதுக்கு முன்னரே நோயுற்றிருப்பதால், உங்களுக்கு நோவே இல்லாவிட்டாலும் நான் போகத்தான் சொல்வேன். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் காட்டி, போதனா வைத்தியசாலைச் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள். மமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எப்போது, மரபணுச் சோதனை வேண்டுமா என்பதை அங்கே கேளுங்கள். அம்மாவின் பழைய றிப்போட் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மல்லாகம் அக்கா:
என் அம்மாவும் அப்படித்தான் போனார். கூகிளில் தேடுவதை முதலில் விடுங்கள். எனக்கு உதவியது ஒன்றுதான்: அடுத்த சோதனைத் திகதியைக் குறித்துவைத்து, பயம் வரும்போதெல்லாம் ‘அன்றைக்குப் பார்ப்போம்’ என்று அதைத் திருப்பி அனுப்பினேன். எல்லா நாளும் அது கேட்டுப் போகவில்லை, உண்மையைச் சொல்லவேண்டும்தானே. வருடத்துக்கொரு தடவை போய்வருகிறேன். திகதி கிட்டும் கிழமையில் கறிக்கு உப்புப் போட்டேனா என்பதே நினைவிருக்காது.

உரும்பிராய்க்காரி:
பாரமான வேலையா என்று கேட்டீர்கள், தாதியம்மா. சிரிப்புத்தான் வந்தது. மாசியில் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. அன்றிலிருந்து வாளியால்தான் அள்ளுகிறேன், நானோ இடதுகைக்காரி. இதை ஸ்கான் எடுத்த இடத்தில் ஒருவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நேற்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். கலண்டர்ப் புள்ளிகளை அவர் முன்பே கண்டிருக்கிறார். பால் கணக்கு என்று நினைத்தாராம். அழுவார் என்று பார்த்தேன். எழுந்து போய், அலுமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். மகரகமக் காகிதங்கள் எல்லாம் திகதி வரிசையில், மடிப்புகளில் மஞ்சள் பூத்து. சின்னம்மாவின் துண்டுகளும் அதற்குள்ளேயே இருந்தன. ‘உனக்கு ஒரு நாள் தேவைப்படும் என்று தெரியும்’ என்றார். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு அவரும் வருகிறார். மோட்டார்க்காரரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.