மழைக்காலத்தில் டேபிள் ரோஸ் அழுகாமல் காப்பது எப்படி?

கேள்வி (தேவனாம்பட்டினம், கடலூர்)
வீட்டு முன்புறம் 10க்கு 4 அடி இடம். காலையிலிருந்து மாலை நான்கு வரை நேர் வெயில். கருங்கல் இடுக்குகளில் டேபிள் ரோஸ் படரவிட்டால் கோடையில் நன்றாகப் பூக்கிறது. ஐப்பசி மழையில் தண்டு கூழாகிவிடுகிறது. மண் களி, போர் தண்ணீர் லேசாக உப்பு. என்ன செய்யலாம்?

பதில் 1
இந்தச் செடிக்கு வறட்சி பொருட்டே இல்லை. இலையிலும் தண்டிலும் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். நம் கரையில் அதைக் கொல்வது தேங்கும் ஈரம்தான். ஆகவே பாத்தியை ஐப்பசி, கார்த்திகைக்காகவே கட்டுங்கள். தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி, தெருப்பக்கம் 4 அங்குலம் சரிவு கொடுங்கள். செம்மண் 2 சட்டி, கழுவிய எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) 2, கால் அங்குல ஜல்லி 1, மட்கிய தொழு உரம் அரைச் சட்டி, இதுதான் கலவை. எம்-சாண்டைக் கழுவாவிட்டால் தூள் இறுகி நீர் இறங்காது. கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. அடியில் மட்டும் ஜல்லி கொட்டி மேலே களிமண் போடுவதும் வீண். ஈரம் மேல்மண்ணிலேயே நிற்கும். கல்லை மூன்றில் ஒரு பங்கு புதைத்து வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள், மழைநீர் வேரடிக்குப் போகாமல் வழிந்துவிடும்.

பதில் 2
நடவைத் தை பிறந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். 3 அங்குலத் துண்டு, அடி இலைகளைக் கிள்ளி, அரை நாள் நிழலில் காயவைத்து, 1 அங்குலம் ஆழத்தில், அரை அடி இடைவெளியில். கல் போக 100 துண்டு போதும். வேர் பிடித்தபின் மண் 2 அங்குலம் காய்ந்தால்தான் தண்ணீர். யூரியா போட்டால் இலை கொழுத்துப் பூ குறையும். பூ ஓய்ந்தால் பாதிக்கு வெட்டிவிடுங்கள், மீண்டும் துளிர்க்கும். மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். பூ மூடிய பிறகு மாலையில் தெளித்தால் தேனீக்குக் கெடுதல் இல்லை.

புரட்டாசிக் கடைசியில் இருபது துண்டுகளைத் தொட்டியில் நட்டு, மழை படாமல் வெயில் மட்டும் விழும் இடத்தில் வையுங்கள். பாத்தி போனாலும் மறுபடி நடத் தாய்ச்செடி கையில் இருக்கும்.

பதில் 3
உப்புத் தண்ணீர் என்பதால் பாத்தியின் கீழ்விளிம்பில் ஓர்ப்பூடு வையுங்கள். உப்பங்கழி ஓரத்தில் தானே படரும் செடி, சிறிய இளஞ்சிவப்புப் பூ, ஈரத்தையும் தாங்கும். கடற்கரை மணலில் படரும் அடம்பு அழகுதான், ஆனால் கொடி பல மீட்டர் ஓடும். 4 அடிப் பாத்திக்கு ஆகாது.

கேட்டவர்
நன்றி. பழைய களிமண்ணை முழுதும் எடுக்க வேண்டுமா?

பதில் 1
வேண்டாம். அரை அடி கொத்தி, அதன்மேல் கலவையை ஏற்றுங்கள். 40 கன அடி பிடிக்கும். கற்கள் அடைக்கும் இடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.