தவளைத் தோல் சீனிப் புண்ணை ஆற்றுமா?

கேட்டவர்: கொழுந்துமலை, தலவாக்கலை

அம்மாவுக்குச் சீனி வருத்தம். மலையில் கொழுந்து எடுக்கும்போது காலில் கல் குத்தியது, அது இப்போது ஆறாத புண்ணாகிவிட்டது. கிளினிக்கில் மருந்து கட்டுகிறார்கள். பக்கத்து லயத்து மாமா ஒரு வீடியோ காட்டினார். தவளைத் தோலில் கிருமியைக் கொல்லும் மருந்து இருக்கிறதாம். பீலிக்கரையில் ஒன்றைப் பிடித்து உரித்துக் கட்டச் சொல்கிறார். அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது. செய்யலாமா?

பதில்: உயிரியல் டீச்சர், ஹட்டன்

வேண்டாம் தங்கச்சி. தவளைத் தோலில் அதற்கே உரிய கிருமிகளும் இருக்கும். சீனி உள்ளவர்களின் காலில் கிருமி ஏறினால் விரலை எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

ஆனால் மாமா சொன்ன கதைக்கு அடிப்படை உண்டு. மைக்கேல் சாஸ்லொஃப் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஆப்பிரிக்க நகத்தவளைகளுக்கு அறுவை செய்து அழுக்குத் தண்ணீர்த் தொட்டியில் விட்டாலும் காயம் சீழ் பிடிக்காததைக் கவனித்தார். 1987இல் அவற்றின் தோலிலிருந்து மகைனின் என்ற பெப்டைட்டுகளை, அதாவது மிகச் சிறிய புரதத் துண்டுகளைப் பிரித்தார். ஒவ்வொன்றும் வெறும் 23 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னச் சங்கிலி. அதற்கு நேர்மின்னேற்றம், பாக்டீரியாவின் மேற்சவ்வுக்கு எதிர்மின்னேற்றம். போய் ஒட்டிச் சவ்வைத் துளைத்துவிடும். நம் செல்களின் வெளிப்பக்கத்தில் அந்த அளவு எதிர்மின்னேற்றம் இல்லாததால் அவை பெரும்பாலும் தப்பிக்கும்.

இதைக் கொஞ்சம் மாற்றி பெக்சிகனான் என்ற களிம்பு செய்தார்கள். உங்கள் அம்மாவுக்கு இருப்பது போன்ற சீனிப் புண்ணுக்காகவே செய்தது! 1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அனுமதி தரவில்லை. 2016இல் வந்த சோதனை முடிவுகளிலும் மருந்தில்லாத களிம்பைவிட அது மேலாக இல்லை. தூய்மையாகச் செய்து, அளந்து பூசிய மருந்தே தேறவில்லை. பீலிக்கரைத் தவளையை நம்பி அம்மாவின் காலைக் கொடுக்காதீர்கள்.

பதில்: மஸ்கெலியா தம்பி

அப்படியென்றால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வீண்தானா டீச்சர்?

பதில்: உயிரியல் டீச்சர், ஹட்டன்

இல்லை தம்பி. அவுஸ்திரேலியப் பச்சை மரத்தவளையிடம் கண்ட செருலின் என்ற பெப்டைட், பித்தப்பைச் சோதனைகளுக்கு மருந்தாகவே பயன்பட்டது. 2017இல் கேரளத்துத் தவளை ஒன்றின் தோலில் உருமின் என்ற பெப்டைட்டைக் கண்டார்கள். எச்1 வகை ஃபுளூ வைரஸை அது அழிக்கிறது. எலிகளை அந்தக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றியது. மனிதருக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது. இரத்தத்தில் உள்ள நொதிகள் பெப்டைட்டுகளைச் சீக்கிரம் வெட்டிவிடும், செய்யவும் செலவு அதிகம்.

எனக்குப் பெரிய கவலை நம் தவளைகள்தான். இலங்கையில் நூற்றுக்கு மேல் இனங்கள், பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. ஹோட்டன் சமவெளிப் பக்கத்துப் புதர்த்தவளைகளில் சில வாற்பேத்தையே ஆகாமல் முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வரும். புதர்த்தவளைகளில் பல இனங்கள் ஏற்கெனவே அழிந்துவிட்டன. அவற்றின் தோலில் என்ன இருந்தது என்று இனி யாரும் பார்க்க முடியாது. மருந்து என்று சொல்லிப் பிடிக்க ஆரம்பித்தால் மிச்சமும் போய்விடும்.

கேட்டவர்: கொழுந்துமலை

நன்றி டீச்சர். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், சரி என்றார். ஒன்று மட்டும் கேட்கிறேன், கட்டு மாற்றும் நாளுக்கு முன்னால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

பதில்: உயிரியல் டீச்சர், ஹட்டன்

புண் ஓரம் கறுத்தால், நாற்றம் வந்தால், சிவப்பு மேலே ஏறினால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வலி இல்லை என்று அம்மா சொன்னாலும் போங்கள். சீனியால் காலில் உணர்வு குறைந்திருக்கும். புண் ஆறும்வரை மலைக்கு அனுப்பாதீர்கள்.