ரெண்டு லைன் ஸ்பீக்கர் போன் வச்சிருந்தவங்க வாங்க, உங்க அனுபவத்த எழுதுங்க

பனியன் ஆபீஸ்காரன்:

ரொம்ப நாளா மனசுல கெடக்குதுங்க, அதான் எழுதறேன். திருப்பூர்ல எங்க ஆபீஸ்ல ரெண்டு லைன் ஸ்பீக்கர் போன் இருந்துச்சு, ஒரே போன்ல ரெண்டு தனி லைன் வரும். பையருக்கு, அதாவது சரக்கு வாங்கறவருக்கு ஒரு லைன், டையிங் பிரிண்டிங்காரங்களுக்கு ஒரு லைன், கான்ஃபரன்ஸ் பட்டன அமுக்குனா மூணு பேரும் பேசிக்கலாம், வச்சிருந்தவங்களுக்குத் தெரியும். 2005ல வெளிநாட்டுக்கு இவ்வளவு துணி தான் அனுப்பலாம்ங்கற கோட்டாவ எடுத்ததுக்கப்புறம் ஆர்டர் வந்து குவிஞ்ச நேரம். ஜெர்மனி பையர் லைன் ஒண்ணுல, சாயப்பட்டறை மாஸ்டர் லைன் ரெண்டுல, நடுவுல எங்க மொதலாளி, நேவி ப்ளூ துணி எப்ப வரும்ங்கறது தான் பேச்சு. மாஸ்டர் சொன்னது "பதினஞ்சாந் தேதிக்குள்ள குடுக்க முடியாதுங்க". ஸ்பீக்கர்ல வந்தது "பதினஞ்சாந் தேதிக்குள்ள குடுக்க முடி" அவ்வளவு தான், மிச்சத்த காணோம். மொதலாளி உடனே பையர் கிட்ட "யெஸ் யெஸ், ஃபிஃப்டீன்த் கன்ஃபர்ம்"னுட்டாரு. மாஸ்டருக்கு இங்கிலீஷ் ஓடாது, அவரும் சரின்னு வச்சிட்டாரு. எதுத்த டேபிள்ல இருந்த எனக்கு சுருக்குன்னுச்சு, "அண்ணா, அவரு முடியாதுன்ன மாதிரி இருந்துச்சே"ன்னு கேட்டேன், "இல்லப்பா, முடியும்னு தான் சொன்னான்"னாரு.

துணி வந்தது இருபது தேதிக்கு மேல. தூத்துக்குடில கப்பல் போயிருச்சு. சரக்க ஏர்ல அனுப்புனோம், ஏர் ஃப்ரைட் பூரா எங்க தலைல. காசு போனது கூட போகுதுங்க, மொதலாளியும் மாஸ்டரும் ஒரே பள்ளிக்கூடத்துல ஒண்ணா படிச்சவங்க, அதோட பேச்சே நின்னு போச்சு. அவரு "நான் முடியாதுன்னு தான் சொன்னேன்"ங்கறாரு, இவரு "என் காதுல அப்படி விழல"ங்கறாரு. ரெண்டு பேரும் பொய் சொல்லல, அது எனக்கு மட்டும் தான் தெரியும். மேல ஃபேன் முழு ஸ்பீடுல ஓடிட்டு இருந்துச்சு, அந்த எரைச்சல் தான் பேச்ச வெட்டிருச்சுன்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன்.

பழைய லைன்மேன்:

தம்பி எழுதுனத படிச்சேன், வருத்தமா இருக்கு. நான் தொலைபேசித் துறையில லைன்ல இருந்து ரிட்டயர் ஆனவன். கும்பகோணத்துல ஒரு டாக்டர் வீட்ல இந்த மாதிரி போன் வாங்கி வச்சாங்க, லைன் ஒண்ணு வேலை செய்யுது, லைன் ரெண்டு செத்துக் கெடக்கு. கம்ப்ளெய்ன்ட் மேல கம்ப்ளெய்ன்ட். போய் ரொசெட்ட, அதான் சுவத்துல இருக்கற போன் சாக்கெட் டப்பாவ, தொறந்து டெஸ்ட் போன மாட்டினா டயல் டோன் கணீர்னு வருது. அந்தம்மா நான் பொய் சொல்றேன்னே நெனச்சுட்டாங்க, "உங்க போன்ல வருது, எங்க போன்ல வரலியே, என்ன ஏமாத்தறீங்களா"ன்னு முகத்துக்கு நேரா கேட்டாங்க. அந்த வார்த்தைய மறக்க முடியல.

விஷயம் என்னன்னா போன்ல கோளாறு இல்ல, லைன்லயும் இல்ல, நடுவுல இருந்த கயிறு மாதிரி ஒயர்ல தான். புதுசா வாங்கறவங்க இத மனசுல வச்சுக்கங்க. நம்ம ஊர்ல கடையில சாதாரணமா குடுக்கற ஒயர்ல உள்ள ரெண்டே ரெண்டு இழை தான் இருக்கும். ஒரு லைனுக்கு ரெண்டு இழை வேணும், ரெண்டு லைனுக்கு நாலு. முனையில இருக்கற கண்ணாடி மாதிரி பிளக்க வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, மஞ்சளா மின்னுற உலோகக் கால் ரெண்டு இருந்தா அது ஒத்தை லைன் ஒயர், நாலு இருந்தா தான் ரெட்டை. நடுவுல இருக்கற சிவப்பும் பச்சையும் லைன் ஒண்ணு, வெளிப்பக்கம் இருக்கற கறுப்பும் மஞ்சளும் லைன் ரெண்டு. போனுக்குப் பின்னாடியும் பாருங்க, பல மாடல்ல ரெண்டு ஓட்டை இருக்கும், ஒண்ணுல "லைன் 1/2"ன்னு போட்டிருக்கும், இன்னொண்ணுல "லைன் 2"ன்னு. வீட்ல ரெண்டு ரொசெட் தனித்தனியா இருந்தா நாலு இழை ஒயரே தேவையில்ல, ரெண்டு சாதா ஒயர எடுத்து ஆளுக்கொண்ணா மாட்டுங்க, முடிஞ்சது. ஒரே சாக்கெட்ல ரெண்டு லைனும் வந்தா மட்டும் தான் நாலு இழை ஒயர "லைன் 1/2"ல மாட்டணும். மாட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு லைனையும் சாதா போன் ஒண்ண வச்சு தனியா சோதிச்சுப் பாருங்க. மழைக்காலத்துல ரொசெட் உள்ள பச்சையா களிம்பு பிடிக்கும், அதையும் சுரண்டி விடணும். லைன் சும்மா இருக்கறப்ப ஒயர்ல நாப்பத்தெட்டு வோல்ட் கிட்ட நிக்கும், ரிங் வர்றப்ப அதுக்கு மேல ஏறும், அப்ப கை வச்சா உதறும், ஜாக்கிரதை.

சவுண்ட் சர்வீஸ்:

பெரியவர் சொன்ன ஒயர் விஷயம் கரெக்ட். ஆனா பனியன் ஆபீஸ் அண்ணன் ஃபேன் மேல பழி போடறத ஒத்துக்க முடியாது. சாதா ஸ்பீக்கர் போன் ஒரு நேரத்துல ஒரு பக்கம் தான் தொறக்கும். மைக் தொறந்தா ஸ்பீக்கர் அடங்கும், ஸ்பீக்கர் தொறந்தா மைக் அடங்கும், இல்லன்னா ஸ்பீக்கர் சத்தம் மைக்ல ஏறி ஊளையிடும். எந்தப் பக்கம் சத்தம் கூடுதலோ அந்தப் பக்கத்துக்கு வழி விடும். ஃபேன் ஒரே சீரா ஓடுற சத்தம், கொஞ்சம் நல்ல போனா இருந்தா அத பின்னணின்னு புரிஞ்சு தள்ளி வச்சிரும். திடீர்னு வர்ற சத்தம் தான் பேச்ச அறுக்கும், பேப்பர பெரட்டறது, பேனாவ டேபிள்ல தட்டறது, எல்லாத்துக்கும் மேல எதிராளி பேசி முடிக்கறதுக்குள்ள நாம போடற "ம்ம்", "சரி சரி". அண்ணே நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க, மாஸ்டர் "முடி"ன்னப்ப உங்க மொதலாளி வாய்ல இருந்து ஏதாவது வந்துச்சா?

என் கதைய சுருக்கமா சொல்லிடறேன். கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி மீட்டிங் ரூமுக்கு சவுண்ட் செட் பண்ணப் போனேன், பன்னெண்டு பேர் உக்காரற மேஜை, நடுவுல வீட்டுக்கு வாங்குற ரெண்டு லைன் போன். ஓரத்துல இருந்த ஒரு வயசான இன்ஜினியர் எழுந்து வந்து குனிஞ்சு வாய போன் மேல வச்சு பேசினாரு, அப்பவும் அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ"ன்னுட்டே இருந்தாங்க. அவரு பேசாம போய் உக்காந்துட்டாரு, அதுக்கப்புறம் மீட்டிங் முடியற வரைக்கும் வாய தொறக்கல. அந்த ரூம்ல அதிகம் தெரிஞ்சவரே அவரு தான்னு வெளிய வந்தப்புறம் சொன்னாங்க. ரெண்டு மூணு பேர் இருக்கற டேபிளுக்கு தான் அந்தப் போன். பெரிய ரூமுக்குன்னே 1992லயே பாலிகாம் சவுண்ட்ஸ்டேஷன் வந்திருச்சு, மூணு காலோட முக்கோணமா இருக்குமே அது, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பேசலாம். வெலை ஜாஸ்தி தான், ஆனா மனுஷன் பேச்சு போகுதே.

பனியன் ஆபீஸ்காரன்:

@சவுண்ட் சர்வீஸ், நீங்க கேட்டது என்னைய தூக்கிவாரிப் போட்டிருச்சுங்க. எங்க மொதலாளிக்கு அந்தப் பழக்கம் உண்டு. எதுத்தாப்ல ஆள் பேசப் பேச "செரி, செரி"ன்னுட்டே இருப்பாரு, அது மரியாதைக்கு சொல்றது, கேட்டுட்டு இருக்கேன்னு தெரியணும்ல. அன்னைக்கு சொன்னாரான்னு இப்ப சத்தியம் பண்ண முடியல. ஆனா அப்படிப் பாத்தா யாரையும் குத்தம் சொல்ல முடியாதுங்களே. மாஸ்டர் கிட்ட இத சொன்னா ஒத்துக்குவாரான்னு பாக்கறேன்.

எடிசன் அக்கா:

நியூ ஜெர்சில இருக்கேன், சொந்த ஊர் மதுரை. 2003ல வீட்ல ரெண்டு லைன் இருந்துச்சு, ஒண்ணு பேச, ஒண்ணு இன்டர்நெட்டுக்கு டயல் பண்ண. அதுக்குத் தான் ரெண்டு லைன் போன் வாங்குனது. எங்க அம்மா மதுரையில, அத்தை டொரான்டோவுல பையன் வீட்ல. பூர்வீக வீட்ட விக்கறதுல மனஸ்தாபம், அப்பா தவறுனப்ப கூட அத்தை பேசல. ஒரு நாள் காலையில வேலைக்கு கிளம்பற நேரம், அம்மாவுக்கு காலிங் கார்டு (வெளிநாட்டுக்கு பேச முன்கூட்டியே காசு குடுத்து வாங்கறது) போட்டு பேசிட்டு இருக்கேன், அடுத்த லைன் அடிக்குது, எடுத்தா அத்தை. என்ன தைரியத்துல பண்ணேனோ, ஒரு வார்த்தை சொல்லாம கான்ஃபரன்ஸ அமுக்கிட்டேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "ஹலோ"ன்னாங்க. அப்புறம் அம்மா "யாரு, பெரியவளா?"ன்னு கேட்டாங்க. அத்தை ரொம்ப நேரம் கழிச்சு "ஆமா மதினி"ன்னாங்க.

நான் மியூட்ட போட்டுட்டு அடுப்படியில நின்னுக்கிட்டே கேட்டேன். ரெண்டு லைன சேத்தா சத்தம் கொறைஞ்சு போகும், அம்மாவுக்கு சரியா கேக்காம "என்ன, என்ன"ன்னுட்டே இருந்தாங்க, அப்பப்ப நான் மியூட்ட எடுத்து அத்தை சொன்னத திருப்பி சொன்னேன். நடுவுல கார்டுல பதிவு பண்ணி வச்ச குரல்காரி வந்து இன்னும் ஒரு நிமிஷம்னு சொல்லிட்டா. அத்தை அழுதுட்டு இருந்த நேரம். அப்படியே கட் ஆச்சு. நான் புது கார்டு சொரண்டி மறுபடி போட்டு சேத்து விட்டேன். அன்னைக்கு ஆஸ்பத்திரி லேப்ல என் ஷிஃப்ட்டுக்கு லேட்டு, திட்டு வாங்குனேன், அது போகட்டும்.

சாத்தூர் தம்பி:

அக்கா, நீங்க லேட்டா போயிருக்க வேண்டியதே இல்லியே. ஸ்பீக்கர்ல போட்டு மியூட் பண்ணிட்டு கதவ சாத்திட்டு கிளம்பிருக்கலாம், ரிசீவர வச்சா தான ரெண்டு லைனும் கட் ஆகும், ஸ்பீக்கர் ஆன்ல இருந்தா அது பாட்டுக்கு சேந்தே கெடக்கும்.

எங்க வீட்ல நடந்தது வேற. மச்சான் அமெரிக்காவுல இருந்து ரெண்டு லைன் போன் கொண்டு வந்தாரு, எங்கப்பா தீப்பெட்டி ஆபீஸுக்கு. அடாப்டர் நூத்தி இருபது வோல்ட், நம்ம வீட்டு பிளக்ல இருநூத்தி முப்பது. மாட்டுன நொடியில டப்புன்னு ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகுன நாத்தம். அப்பா முகம் வாடிப் போச்சு, ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தாரு. நல்ல வேளையா போன் உசுரோட இருந்துச்சு, ரிசீவர் லைன் கரன்ட்லயே ஓடுச்சு, ஸ்பீக்கர் தான் பேசல. போனுக்குள்ள போற அதே வோல்ட், அதே பிளஸ் மைனஸ் பாத்து இங்க ஒரு அடாப்டர் வாங்கிப் போட்டதும் எல்லாம் வந்துச்சு. காலர் ஐடி மட்டும் கடைசி வரைக்கும் வரவே இல்ல. எங்க எக்ஸ்சேஞ்ச் நம்பர அனுப்பற முறை வேற, அந்தப் போன் எதிர்பாக்கற முறை வேற.

எடிசன் அக்கா:

தெரியும் தம்பி. பட்டனெல்லாம் எனக்கு நல்லாவே தெரியும். நான் போயிட்டா கார்டு தீந்ததும் யார் மறுபடி சேத்து விடறது? அதோட அம்மாவுக்கு கேக்கலன்னா யார் எடுத்து சொல்றது? நான் இருக்க வேண்டியிருந்துச்சு, இருந்தேன்.

மாம்பலம் டிராவல்ஸ்:

எங்க ஆபீஸ்ல ஹன்டிங் போட்டு வச்சிருந்தோம், விசிட்டிங் கார்டுல ஒரே நம்பர், அது பிஸியா இருந்தா தானா ரெண்டாவது லைன்ல அடிக்கும். புதுசா ஒரு பையன் சேந்தான். லைன் ஒண்ணுல ஒரு பெரியவர், காசி டிக்கெட் பத்தி கேக்கறாரு, "இருப்பா, டிக்கெட்ட எடுத்துட்டு வரேன்"னு உள்ள போயிருக்காரு. லைன் ரெண்டு அடிச்சதும் பையன் ஹோல்ட் அமுக்காம நேரா லைன் ரெண்ட அமுக்கிட்டான். அந்த மாடல்ல அப்படி பண்ணா மொதல் கால் கட் ஆயிடும், சில மாடல்ல தான் தானா ஹோல்ட்ல போகும். கொஞ்ச நேரத்துல நல்ல மழை, அந்தப் பெரியவர் அசோக் நகர்ல இருந்து பிளாஸ்டிக் கவர்ல டிக்கெட்ட சுத்தி எடுத்துட்டு நனைஞ்சுட்டே வந்து நிக்கறாரு. "நான் ஏதாவது தப்பா பேசிட்டனா தம்பி, போன வச்சிட்டீங்களே"ன்னு கேட்டாரு. பையன் அழுதுட்டான். அதுக்கப்புறம் போன் பக்கத்துலயே பேப்பர்ல எழுதி ஒட்டினேன், ஹோல்ட் மொதல்ல, லைன் அப்புறம்.

யாராவது பழைய போன இன்னும் வச்சிருந்து பிராட்பேண்ட் லைன்ல மாட்டறவங்க இருந்தா ஒண்ணு சொல்லிடறேன். 2005ல பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தப்ப பேச்சையும் இன்டர்நெட்டையும் பிரிக்க குடுத்த அந்தக் குட்டி ஃபில்டர் டப்பா வழியா நாலு இழை ஒயர மாட்டாதீங்க. எங்களுக்கு வந்தது நடு ஜோடிய மட்டும் தான் விடும், வெளி ஜோடிய விடாது, லைன் ரெண்டு செத்துரும், அப்புறம் மேல பெரியவர் சொன்ன மாதிரி லைன்மேன சந்தேகப்படுவீங்க. பிராட்பேண்ட் இருக்கற லைனுக்கு ஃபில்டர போட்டு "லைன் 1/2" ஓட்டையில ஒரு சாதா ஒயர், இன்னொரு லைன நேரா "லைன் 2" ஓட்டையில.

பழைய லைன்மேன்:

மாம்பலத்துக்காரர் சொன்னது நூத்துக்கு நூறு. எங்க டிவிஷன்ல அந்த வருஷம் வந்த கம்ப்ளெய்ன்ட்ல பலது அது தான். ஆனா ஒரு திருத்தம், லைன் ரெண்டுலயும் பிராட்பேண்ட் வச்சிருக்கற ஆபீஸ் உண்டு, அவங்க ரெண்டு ஒயருக்கும் தனித்தனியா ஃபில்டர் போடணும். திருப்பூர் தம்பி, மாஸ்டர் கிட்ட பேசினீங்களா?

பனியன் ஆபீஸ்காரன்:

பேசினேங்க. "அவன் செரி செரின்னது எனக்கும் கேட்டுச்சு, நான் முடியாதுன்னதுக்கு தான் செரிங்கறான்னு நெனச்சுட்டேன்"னாரு. மொதலாளி நம்பர் கேட்டாரு, பழைய நம்பர் தான் அவர்ட்ட இருந்துச்சு, புதுச குடுத்திருக்கேன்.