எல்.எஸ்.பி பிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் வாசித்தேன். எல்.எஸ்.பி என்பது, தரவுப் பொதிகளில் ஒட்டிய லேபிளைப் பார்த்தே ரவுட்டர்கள் அவற்றைக் கடத்தும் தடம்; பிங் என்பது சோதனைப் பொதி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. எல்.எஸ்.பி பிங்குக்கு இங்கே முன்வைத்த "குறிச்சீட்டு மாற்றுத் தட இணைப்புச் சரிபார்ப்பு" என்பது விளக்கம், சொல் அல்ல. நடுச்சாமத்தில் கல்முனைக் கிளைக்கு இணைப்பு இல்லை என்று அழைப்பு வந்தால், மட்டக்களப்பில் இருந்துகொண்டு யார் இதைச் சொல்லப்போகிறார்கள்? "எல்.எஸ்.பி பிங் போட்டுப் பாருங்க தம்பி" என்றுதான் சொல்வோம். அந்த இடத்தில் வாயில் நிற்கிற சொல் வேண்டும்.

> லேபிளுக்குச் 'சிட்டை' போதாதா?

சென்னை நண்பருக்கு: எங்கள் பக்கம் சிட்டை என்றால் கடைக்காரர் எழுதித் தருகிற பில். இலங்கையில் பழகிய 'சுட்டுத்துண்டு' இருக்கிறது, ஆனால் இங்கே சிக்கல் தரும். ஒரு லேபிள் 4 பைட். வி.பி.என் (வாடிக்கையாளருக்கான தனி வலையமைப்பு) பொதியில் இரண்டு லேபிள் ஏறுவதால் 1500 பைட் பொதி 1508 ஆகும். நடுவில் ஓர் இணைப்பு அதை ஏற்காவிட்டால் சின்னப் பிங் எல்லாம் போகும், பெரிய கோப்பு மட்டும் நின்றுவிடும். "துண்டாக்காதே" என்ற கட்டளையோடு பெரிய பிங் அனுப்பிப் பார்க்கச் சொல்லும்போது சுட்டுத்துண்டும் துண்டும் ஒரே வரியில் முட்டிக்கொள்ளும்.

அக்கரைப்பற்றுத் தம்பி சொன்ன 'குறி' சின்னச் சொல்தான். ஆனால் மாட்டுக்குச் சுடுகிற குறி சாகும்வரை மாறாது. லேபிளோ வழியில் ரவுட்டருக்கு ரவுட்டர் மாறுவது. ஆகவே 'வழிச்சீட்டு', சுருக்கமாகச் 'சீட்டு'. எல்.எஸ்.பி 'சீட்டுத்தடம்'.

இனி முக்கியமான இடம். பிங்குக்கும் எல்.எஸ்.பி பிங்குக்கும் ஒரே சொல் வைக்கக் கூடாது. இரண்டும் பார்ப்பது வேறு வேறு. சாதாரணப் பிங் போய்த் திரும்பினால்தான் வெற்றி. திரும்பாவிட்டால் போகும்போது தொலைந்ததா, வரும்போது தொலைந்ததா என்று தெரியாது. எல்.எஸ்.பி பிங் சீட்டுத்தடத்தில் ஒரு திசையை மட்டும் பார்க்கிறது. பதில் சாதாரண ஐபி பொதியாகவே திரும்பலாம். சேருமிடம் 127 இல் தொடங்கும் முகவரி என்பதால், வழியில் சீட்டுக் கழன்றால் அதைப் பெறும் ரவுட்டர் வெறும் ஐபி பொதியாக அப்பால் அனுப்பாது. 2006 இல் இணையத் தர ஆவணமான ஆர்.எஃப்.சி 4379 வகுத்ததும் 2017 இல் 8029 புதுப்பித்ததும் இதைத்தான்.

சென்ற மாரியில் ஒரு வாடிக்கையாளருக்கு மட்டக்களப்பு–கல்முனை இணைப்பு விழுந்தது. இரு விளிம்பு ரவுட்டர்களிலும் பி.ஜி.பி (ரவுட்டர்கள் வழிகளைப் பரிமாறும் நெறிமுறை) வழிகள் இருந்தன. விளிம்பிலிருந்து விளிம்புக்குப் பிங் குறைவில்லாமல் போனது. வாடிக்கையாளரின் தனி வழி அட்டவணைக்குள் (வி.ஆர்.எஃப்) இருந்து போட்டால் பதில் ஒன்றும் இல்லை. எல்.எஸ்.பி பிங்கும் சரி என்றது! அடியில் 0 என்ற வெற்றுச் சீட்டையும் சேர்த்து அனுப்பியபோதுதான் அது விழுந்தது. கல்முனை ரவுட்டரின் லூப்பேக் முகவரிக்கு (ரவுட்டரின் சொந்த அடையாள முகவரி) 24 பிட் முகமூடி (முகவரியில் வலையமைப்பைக் குறிக்கும் நீளம்), உள் வழிகளைச் சொல்லும் ஓ.எஸ்.பி.எஃப் அதை 32 என்று அறிவிக்கிறது, சீட்டுகளைப் பகிரும் எல்.டி.பி 24 க்குச் சீட்டுக் கொடுக்கிறது. அதற்கு முந்திய ரவுட்டரிடம் 32 க்குக் கல்முனை தந்த சீட்டே இல்லை. ஒற்றைச் சீட்டுப் பொதி சீட்டுக் கழன்று அதைத் தாண்டிக் கல்முனை ரவுட்டருக்கே போய்விடும். உள்ளே இன்னொரு சீட்டோடு வரும் வாடிக்கையாளரின் பொதி அங்கேயே தொலையும்.

அந்த முந்திய ரவுட்டர் வழக்கமாக வெளிச்சீட்டைக் கழற்றுகிற வேலைக்கு நான் முன்வைப்பது 'ஈற்றயற் கழற்றல்'. குற்றியலுகரத்தை வகை பிரிக்க ஈற்றயலெழுத்தைப் பார்த்துத்தானே பள்ளியில் படித்தோம், சொல் தயாராகவே இருக்கிறது.

ஆக, பிங் பிங்காகவே இருக்கட்டும். எல்.எஸ்.பி பிங் 'தடச்சோதனை', தடத்தை ரவுட்டர் ரவுட்டராகப் பார்த்துப் போகும் எல்.எஸ்.பி டிரேஸ் 'தடம்பிடித்தல்'. சோதனை என்றாலே இங்கே சாவடிதான் நினைவுக்கு வரும் என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். பரீட்சையையும் சோதனை என்றுதானே சொல்கிறோம் அண்ணே, விட்டுவிடுவோம்.

வழியில் உள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்ட வாடிக்கையாளர் போடும் சாதாரண டிரேஸ்ரூட்டுக்குத் 'தடம்பிடித்தல்' வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. பொதியின் ஆயுள் (அது தாண்டக்கூடிய ரவுட்டர்களின் எண்ணிக்கை) நடு ரவுட்டரில் முடிந்தால், அந்த ரவுட்டருக்கு வாடிக்கையாளரின் முகவரி தெரியாது. பதிலுக்கும் அதே சீட்டுகளை ஒட்டி முன்னோக்கியே அனுப்பும். அது மறுகரை போய்த்தான் திரும்பும். அதனால் நடுவில் உள்ள எல்லாப் படிகளுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டும். முதல் ரவுட்டரில்தான் தாமதம் என்று அதைப் பார்த்துச் சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதை 'வழிகாட்டல்' என்றால் இன்னும் மோசம்; டிரேஸ்ரூட் என்றே விடலாம்.

அப்புறம், வி.ஆர்.எஃப்புக்கு இன்னும் சொல் அமையவில்லை. 'தனி வழியட்டவணை' என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. யாரிடமாவது நல்லது இருந்தால் இதே இழையில் போடுங்கள்.