முடக்கு வாதம்: ஒரு நாள் வேலை செய்தால் மூன்று நாள் படுக்கை. எப்படிச் சமாளிப்பது?

பொருநைக்கரை:
அம்மாவுக்கு 54 வயது. முடக்கு வாதத்துக்கு வாரம் ஒருமுறை மீத்தோட்ரெக்ஸேட், கூடவே ஃபோலிக் ஆசிட் எடுக்கிறார். வீக்கம் குறைந்துவிட்டது, அசதி மட்டும் போகவில்லை. கொஞ்சம் தெம்பு வந்தால் மாவாட்டி, துணி துவைத்து, வீட்டையும் துடைத்துவிடுகிறார். அப்புறம் மூன்று நாள் எழுந்திருக்க முடிவதில்லை. வேலையை எப்படிப் பிரிப்பது?

கோமதி:
தம்பி, முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தாலோ, தைராய்டு சுரப்பு குறைந்திருந்தாலோ, வேலையை எப்படிப் பிரித்தாலும் அசதி தீராது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி பரிசோதனை இரண்டையும் பாருங்கள். வெளியே வீக்கம் தெரியாமலே உள்ளே அழற்சி இருக்கலாம். மீத்தோட்ரெக்ஸேட் போட்ட மறுநாள் பலருக்கு உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கும். அந்த நாளில் கனத்த வேலை எதுவும் வேண்டாம். வாரம் ஒருமுறை என்பதில் மட்டும் தவறவே கூடாது, தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

பிறகு ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: என்ன வேலை, எத்தனை நிமிடம், அசதி பத்துக்கு எத்தனை. நின்று சமைக்கும்போது 40-வது நிமிடத்தில் தள்ளாட்டம் வருகிறதென்றால், 25-லேயே உட்கார்ந்துவிட வேண்டும். களைத்தபின் எடுக்கும் ஓய்வு பாதிகூடப் பலிக்காது. தெம்பான நாளிலும் அதே 25தான். அம்மாக்கள் ஒத்துக்கொள்ளாதது இதைத்தான், மூன்று நாள் படுக்கைக்குக் காரணமும் இதுதான். இரண்டு வாரம் நிலையாக இருந்தால் ஐந்து நிமிடம் கூட்டலாம்.

மாவாட்டுவது, துவைப்பது, துடைப்பது மூன்றும் கனத்த வேலை. நாளுக்கு ஒன்றுதான். எண்ணெய்க் குளியலையும் இந்தக் கணக்கில் சேருங்கள். கையைத் தூக்கித் தலை துவட்டுவதே பாதித் தெம்பைத் தின்றுவிடும்.

வடிவேல்:
பேசாமல் ஒரு மாதம் முழு ஓய்வு கொடுத்தால் என்ன?

கோமதி:
கூடாது சகோ. படுத்தே இருந்தால் தசை கரையும், மூட்டு இன்னும் இறுகும். காலை இறுக்கம் விட்டதும் பத்து நிமிடம் மெதுவாக நடப்பது முடக்கு வாதத்துக்கு நல்லது. நீங்கள் சொல்வது எம்இ என்ற நாள்பட்ட களைப்பு நோயை மனதில் வைத்து என்று நினைக்கிறேன். அதில் சின்ன உழைப்புக்கே ஓரிரு நாள் கழித்து உடம்பு சரிந்துவிடும். படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையை பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு 2021-ல் அந்த நோய்க்கு வேண்டாமென்று சொல்லிவிட்டது. இது வேறு, அது வேறு.

அடுக்களை_அன்பு:
கோமதி அக்கா நேரத்தைச் சொல்லிவிட்டார், நான் சாமான்களைச் சொல்கிறேன். முதலில் இடுக்கியை விடச் சொல்லுங்கள். பால் பாத்திரத்தை இடுக்கியில் தூக்கும்போது மொத்தப் பாரமும் கட்டைவிரல் அடியில் இறங்குகிறது. இரண்டு பக்கமும் காது வைத்த பாத்திரம் வாங்கி, கனமான துணியால் இரண்டு கையாலும் பிடிக்கட்டும். அரிவாள்மணை முன் குந்தி உட்காராமல், மேசையில் பலகை, கத்தி. 15 லிட்டர் குடம் நிறைந்தால் 15 கிலோவுக்கு மேல்; 3 லிட்டர் சொம்பில் பலமுறை ஊற்றுவதே மேல். துணியை முறுக்கிப் பிழிய வேண்டாம், குழாயில் மாட்டித் தண்ணீர் வடியட்டும். மாவு வாரம் ஒருமுறை போதும். உளுந்தை வழிப்பதும் கல்லைத் தூக்கிக் கழுவுவதும் உங்கள் வேலை தம்பி.

பொருநைக்கரை:
நன்றி அக்கா. அடுத்த மாதம் சித்தி வீட்டுக் கல்யாணம். போகாமல் இருக்க மாட்டார்.

கோமதி:
தாராளமாகப் போகட்டும். முந்தைய இரண்டு நாளும் பிந்தைய இரண்டு நாளும் வீட்டு வேலை எதுவும் வைக்காதீர்கள். வரவேற்பா, முகூர்த்தமா, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மண்டபத்தில் ஓர் அறையை முன்கூட்டியே கேட்டு வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் படுக்கட்டும். பந்தி விசாரிக்கக் கூப்பிடுவார்கள், அந்த இடத்தில் நீங்கள் போய் நில்லுங்கள்.