கோப்ளின் 13ஆவது எபிசோட்ல மட்டும் சப்டைட்டில் லேட்டா வருது, உதவுங்க

எனக்கும் அம்மாவுக்கும் ரெண்டு வாரமா ராத்திரி வேலையே இந்த கொரியன் டிராமாதான், மொத்தம் 16 எபிசோட், சப்டைட்டில் இங்கிலீஷ்ல வரும், நான் பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லிக்கிட்டே வருவேன். 12 வரை பிரச்சனையே இல்ல. 13ல பாதிக்கு மேல எழுத்து எட்டு செகண்ட் பின்தங்கி வருது. ஹீரோ கிம் ஷின் நெஞ்சுல 900 வருஷத்துக்கு மேல குத்தி நிக்கிற வாளை, ஹீரோயினைக் காப்பாத்த அவ கையைப் புடிச்சே உருவுற சீன் இதுலதான் இருக்கு (அம்மாவுக்கு அவரு நம்ம ஊரு முனி மாதிரி, முதல் எபிசோட்ல கடற்கரையில அவ மெழுகுவர்த்தி ஊதினதும் வந்து நின்னாரே, அப்பவே முடிவு பண்ணிட்டாங்க). அவ கதறி அழுறா, கீழ பழைய டயலாக் ஓடுது. "இவ என்னடி சொல்றா, சொல்லேன்"னு அம்மா தோளை உலுக்குறாங்க, நான் என்னத்த சொல்ல.

டிவி 43 இன்ச் ஆண்ட்ராய்டு, வாங்கி மூணு வருஷம். காசு கட்டி பாக்குற ஆப்தான். கேஷ் கிளியர் பண்ணேன், ஆப்பை அழிச்சு திரும்பப் போட்டேன், வைஃபையை விட்டு ஹாட்ஸ்பாட்லயும் பாத்தாச்சு, அதே கதை. போன்ல சரியா ஓடுது, ஆனா அம்மாவுக்கு சின்ன ஸ்கிரீன் கண்ணு வலிக்குது. 14 தொறந்து பாத்தேன், அது நல்லா இருக்கு.

ஆண்ட்ராய்டு டிவியில சப்டைட்டிலை மட்டும் எட்டு செகண்ட் முன்னாடி நகர்த்த ஏதாவது செட்டிங் இருக்கா?